வேலையை விடுவதா, இருப்பதா? மருத்துவமனை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மருத்துவமனை வேலையில் இருப்பவர்கள் டூட்டி அறையிலும் வாசல் டீக்கடையிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலும் செவிலியர்கள் கேட்டவை. பயிற்சி மருத்துவர், லேப் டெக்னீஷியன், வார்டு உதவியாளருக்கும் பலதும் பொருந்தும். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. சட்டம், பணம் பற்றிய பதில்களை உங்கள் நியமன ஆணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பர்ன்அவுட்னா என்ன? டூட்டி முடிஞ்சா எல்லாருக்கும் அலுப்பாத்தானே இருக்கும்?

அலுப்பு தூங்கினால் தீரும். இரண்டு நாள் ஆஃப் எடுத்து ஊருக்குப் போய் வந்த பிறகும், மறுநாள் டூட்டி என்று நினைத்ததுமே வயிற்றைக் கலக்கினால் அது வெறும் அலுப்பு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐ.சி.டி.-11 என்ற உலக நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்து அழுத்தம் சரிசெய்யப்படாமல் நீடித்தால் வரும் நிலை என்றுதான் வைத்திருக்கிறது. அடையாளம் மூன்று: சக்தியெல்லாம் வடிந்துபோன சோர்வு, வேலையின் மேல் வெறுப்பு அல்லது விலகல், என்ன செய்தும் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை என்ற நினைப்பு.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது இரண்டாவதைத்தான். சோர்வு உடம்பில் தெரிந்துவிடும். ஆனால் நோயாளிகூட இருக்கும் அட்டெண்டர் வாயைத் திறக்கும் முன்பே எரிச்சல் வருவதையும், நோயாளி அழும்போது மனசில் ஒன்றுமே அசையாமல் இருப்பதையும் "அனுபவம் வந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறோம். முன்பு அப்படி இல்லாதவர் இப்போது அப்படி ஆகியிருந்தால், கூட வேலை பார்ப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

கொரோனா முடிஞ்சு வருஷக்கணக்காச்சு. இன்னும் அதையே காரணம் சொல்றது சரியா?

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை ராஜாஜி மருத்துவமனையில் நடந்தது. 2021 மே மாதம் இரண்டாம் அலையின் உச்சத்தில் மாநிலத்தில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேல் தொற்று பதிவானது. இடைப்பட்ட காலத்தில் கவச உடைக்குள் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்றவர்கள், வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னவர்கள், ஆக்சிஜன் பெட் யாருக்கு என்ற பேச்சு நடந்த இடத்தில் இருந்தவர்கள் பலரும் இன்றும் அதே வார்டுகளில்தான் வேலை பார்க்கிறார்கள்.

அந்தக் காலத்திலிருந்து இன்னும் மிச்சம் இருப்பது மூன்று. எடுக்காமல் போன ஓய்வு. "அந்த அம்மாவுக்கு இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ" என்ற உறுத்தல். அப்போது விட்டுப்போனவர்களின் இடம் நிரப்பப்படாததால் இருப்பவர்கள் தலையில் விழுந்த வேலை. முதல் இரண்டும் பழசு என்று சொல்லலாம். மூன்றாவது இந்த மாத டூட்டி லிஸ்டிலேயே இருக்கிறது, அதைக் கொரோனா என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

எனக்கு இருக்கிறது பர்ன்அவுட்டா டிப்ரஷனா, எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பர்ன்அவுட் பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும். லீவில் குழந்தையோடு சிரிக்க முடியும், பிடித்த சாப்பாடு ருசிக்கும். மனச்சோர்வு நோயில் வீடு, கோயில், கல்யாணம் எங்கே போனாலும் அதே இருட்டு கூடவே வரும். விடியற்காலை மூன்று நாலு மணிக்கே முழிப்பு வருவது, பசி போவது, எதிலும் நாட்டம் இல்லாதது, தான் ஒரு சுமை என்று தோன்றுவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தை வைத்துப் பதில் சொல்ல வேண்டும், மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் போவது நல்லது. ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், மொத்தம் எவ்வளவு வந்தாலும் அன்றே யாரிடமாவது பேச வேண்டும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கிற கை தன் ரத்தத்தைப் பார்ப்பதில்லை.

சில நேரம் செத்துரலாம்னு தோணுது. யார்கிட்ட சொல்றது?

14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை". 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாநில சுகாதார உதவி எண் 104-உம் உண்டு. பேச வாய் வரவில்லை என்றால் நம்பிக்கையான ஒரு ஆளிடம் "என்னைத் தனியா விடாத" என்று மட்டும் சொன்னாலும் போதும். எண்ணம் கடுமையாக இருந்தால் எந்த அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் நேராகப் போகலாம்.

இது கூட வேலை செய்பவர்களுக்கு: மருத்துவமனை ஊழியருக்கு மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதனால் தனியாக இரவு டூட்டியும் மருந்து அலமாரிச் சாவியும் கொஞ்ச நாள் அவரிடம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தை ஊர் முழுக்கச் சொல்லத் தேவையில்லை.

வேலையை விட்டுரணும்னு தினமும் தோணுது. தோணினா விட்டுரலாமா?

தோன்றுவதும் விடுவதும் ஒன்றல்ல. தினமும் அப்படிச் சொல்கிறவர்களில் பலர் அதே இடத்தில் தொடர்கிறார்கள். ஒரு நாளும் வாய் திறக்காதவர் சட்டென்று கடிதம் கொடுத்துவிடுகிறார். எண்ணம் வந்ததற்காகப் பயப்படவும் வேண்டாம், அதை உதாசீனப்படுத்தவும் வேண்டாம்.

முதலில் எதை விட நினைக்கிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள்: இந்த வார்டையா, இந்த மருத்துவமனையையா, இந்தத் தொழிலையா? ஒரு மாதம் சின்ன நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள். என்ன டூட்டி, யாரோடு, எத்தனை நோயாளி, "போயிரலாம்" என்று எப்போது தோன்றியது. ஐ.சி.யூ.வில் இருக்கும் நாட்களில் மட்டும் தோன்றினால் ஓபி, டயாலிசிஸ், தடுப்பூசிப் பிரிவு என்று மாற்றல் கேட்கலாம். ஒரே ஒரு மேலாளர் இருக்கும் நாட்களில் மட்டும் என்றால் ஆளை மாற்ற வழி உண்டா என்று பார்க்கலாம். எல்லா நாளும் எல்லா இடத்திலும் என்றால் மேலே டிப்ரஷன் பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போங்கள். நைட் முடிந்த வாரத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். தூக்கம் கெட்ட மூளை எல்லாவற்றையும் ஒரே கறுப்பாகத்தான் காட்டும்.

எங்க ஆஸ்பத்திரில யோகா கிளாஸ் போட்டிருக்காங்க. அதுல சரியாகிருமா?

யோகா உடம்புக்கு நல்லது. ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு அது மருந்தல்ல. அதிலும் நைட் முடித்தவரை ஒன்பது மணி வரை உட்கார வைத்து மன அழுத்த வகுப்பு எடுப்பது, தூக்கத்தைத் திருடி தூக்கத்தைப் பற்றிப் பேசுவது.

நான் வார்டு இன்சார்ஜ். புது ஆள் போடுற அதிகாரம் எனக்குக் கிடையாது. என்னால என்ன மாத்த முடியும்?

டூட்டி லிஸ்ட் உங்கள் கையில் இருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோல்படி பயிற்சி மருத்துவமனை வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர். இது மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து. அதாவது ஷிஃப்ட் கணக்கில் 9-க்கு ஒருவர், 15-க்கு ஒருவர். இதற்கு மேல் 30 சதவீதம் லீவ் ரிசர்வ், அதாவது லீவில் போகிறவர்களுக்கு ஈடாக வைக்கும் கூடுதல் ஆட்கள். பயிற்சி மருத்துவமனையில் 30 பெட் வார்டு என்றால் 10 பேர், ரிசர்வ் 3 பேர், ஆக 13.

நடைமுறையில் முதலில் வெட்டப்படுவது அந்த மூன்று பேர்தான். பிறகு ஒருவர் பேறுகால விடுப்பில் போனதும் மற்றவருக்கு டபுள் டூட்டி. டபுள் டூட்டி பார்த்தவருக்கு உடம்பு முடியாமல் போய் அவர் லீவு. அதை ஈடுகட்ட அடுத்தவருக்கு டபுள் டூட்டி. இப்படித்தான் ஒரு நல்ல வார்டு ஆறே மாதத்தில் கலைகிறது. ஆகவே மேலிடத்துக்கு எழுதும்போது "ஆள் போதவில்லை" என்று எழுதாதீர்கள். "லீவ் ரிசர்வ் 3 இடம் காலி, சென்ற மாதம் இத்தனை டபுள் டூட்டி" என்று எண்ணோடு எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் கூடாமலே செய்யக்கூடியவை சில உண்டு. ஷிஃப்டைக் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கியே சுழற்றுங்கள். மதிய டூட்டி முடித்தவரை மறுநாள் காலைக்குப் போடாதீர்கள். இரண்டு டூட்டிக்கு நடுவே 11 மணி நேரம் இருக்கட்டும். தொடர் நைட் மூன்றைத் தாண்ட வேண்டாம். நைட் முடிந்ததும் இரண்டு இரவு வீட்டில் தூங்க வழி செய்யுங்கள். நைட் இறங்கிய நாளையே ஆஃபாகக் கணக்குக் காட்டுவது பழைய தந்திரம், அதை நிறுத்துங்கள். நான்கு வாரத்துக்கான லிஸ்ட் முன்கூட்டியே சுவரில் இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

திருவிழாவைத் தனியாக யோசியுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் வண்டி நகராது, மாற்று ஆள் வந்து சேரத் தாமதமாகும், இறங்க வேண்டியவர் மாட்டிக்கொள்வார். அன்று ஷிஃப்ட் மாறும் நேரத்தைத் தள்ளி வைப்பதும், சென்ற சித்திரைக்கு வேலை பார்த்தவருக்கு இந்தச் சித்திரை லீவு என்று எழுதி ஒட்டுவதும் செலவில்லாத வேலை. பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ், தீபாவளிக்கும் அதே சுழற்சி. யாருக்கு எது முக்கியம் என்று ஆண்டு தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால் பாதி தானாகவே அமைந்துவிடும்.

நைட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூக்கமே வரல. என்ன செய்யலாம்?

மதுரை வெயிலில், அதுவும் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில், மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை தூங்கப் பார்ப்பது வீண் முயற்சி. தூக்கத்தை இரண்டாக உடையுங்கள். காலை எட்டரைக்குப் படுத்து ஒரு மணி வரை ஒன்று. அடுத்த நைட்டும் இருந்தால் சாயங்காலம் நாலரையிலிருந்து ஒன்றரை மணி நேரம் இன்னொன்று. கீழ்த்தள அறை கிடைத்தால் அங்கே படுங்கள். ஜன்னலுக்கு அடர்த்தியான கறுப்புத் துணி கட்டுங்கள். போனில் குழந்தையின் பள்ளி எண், வீட்டு எண் தவிர மற்றதை அமைதியில் போடுங்கள்.

காப்பி, டீயின் வேலை ஆறு மணி நேரமாவது நீடிக்கும். எட்டரைக்குப் படுப்பவருக்குக் கடைசி டீ இரவு இரண்டு மணி. நாலு மணிக்கு வரும் பிளாஸ்க்தான் பகல் தூக்கத்தைக் கெடுக்கிறது. முடிந்தால் இரவில் கூட இருப்பவரோடு முறை வைத்து 20 நிமிடம் கண் அசருங்கள். அதற்கு மேல் போனால் எழுந்ததும் தலை மந்தமாக இருக்கும், ஊசி மருந்து அளவு எடுக்க அது சரியான நேரமில்லை. கடைசி நைட் முடிந்த அன்று மதியத்தோடு எழுந்துவிட்டால் அன்றிரவு தானாகத் தூக்கம் வரும்.

திருமங்கலம், மேலூர் என்று பைக்கில் போகிறவர்கள் கிளம்பும் முன் கால் மணி நேரம் டூட்டி அறையிலேயே படுத்து எழுந்து போங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள். நைட் முடித்த காலை நேரத்தில் கண் அசர ஒரு நொடி போதும்.

மனநல டாக்டரைப் பார்த்தா சர்வீஸ் புக்ல ஏறிருமா?

ஏறாது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. உங்கள் நிர்வாகம் கேட்டாலும் மருத்துவர் தரக் கூடாது. பதிவேட்டில் ஏறுவது நீங்கள் எடுக்கும் விடுப்பு மட்டும். விடுப்புக்கான மருத்துவச் சான்றில் நோயின் பெயர் வரக்கூடும். என்ன எழுதப்போகிறார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை பார்க்கும் மருத்துவமனையின் ஓபியில் தெரிந்த முகங்கள் இருக்கும் என்று கூச்சப்படுகிறவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் வேறு அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் கிழமையைக் கேட்டுப் போகலாம். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டப்பட்டிருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவி கிடைக்கும். வேலையை விடாமல் மூச்சு வாங்க இது ஒரு வழி. பலருக்கு இது தெரிவதே இல்லை.

அட்டெண்டர் கை வச்சுட்டாரு. மேனேஜ்மென்ட் பேசி முடிச்சுக்கலாம்ங்குது. இதுக்கு மேல எதுக்கு இங்க இருக்கணும்?

தமிழ்நாட்டில் இதற்கென்றே 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அந்த ஷிஃப்ட் முடியும் முன்பே நேரம், இடம், சாட்சிகளின் பெயர் போட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். காயத்துக்குச் சிகிச்சை எடுத்துப் பதிவு செய்யுங்கள். கேமரா பதிவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சில நாளில் மேலே வேறு பதிவு ஏறிவிடும். மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு 2024 ஆகஸ்டில் வந்த உத்தரவு, தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே வழக்குப் பதிய வைக்க வேண்டும் என்கிறது. மற்ற நிர்வாகங்களிடம் பேச இது நல்ல எடுத்துக்காட்டு.

அடி மறந்துபோனாலும், நிர்வாகம் கூட நிற்கவில்லை என்பது மனசை விட்டுப் போகாது. இதற்காக மட்டும் விலகுவதாக இருந்தால் புகார் நகல் கையில் வந்த பிறகு விலகுங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சிருக்காங்க. பாண்டும் எழுதிக் குடுத்திருக்கேன். எப்படி வெளியே வர்றது?

படிப்புச் சான்றிதழ் விற்கிற பொருள் இல்லை, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையுடன் சான்றிதழைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். தராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ். மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

இத்தனை காலம் வேலை பார்ப்பேன், இல்லாவிட்டால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்ட் வேறு விஷயம். கையெழுத்துப் போட்டதால் அதில் எழுதிய தொகை முழுவதையும் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். உங்களுக்காகச் செலவழித்துப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தால் நிர்வாகத்தின் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கும். சும்மா வார்டில் வேலை பார்க்க வைத்துவிட்டு லட்சக்கணக்கில் கேட்டால் அது மிரட்டல்தான். நோட்டீஸ் காலத்தை மட்டும் முழுசாக முடியுங்கள். பாதியில் நின்றுவிட்டால் சரியான கேஸும் கெட்டுப்போகும்.

ஆறு வருஷம் ஏழு மாசம் பிரைவேட்ல வேலை பார்த்தேன். விட்டா கைக்கு என்ன வரும்?

கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு முடித்திருந்தால் தகுதி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இது கட்டாயம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் உள்ள மிச்சம் ஒரு ஆண்டாகக் கணக்காகும். எனவே உங்களுக்கு 7. அடிப்படை 18,200 என்றால் 700, அதை 15-ஆல் பெருக்க 10,500, ஏழு ஆண்டுக்கு 73,500 ரூபாய்.

பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அடுத்த வேலையிலும் உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என். அதேதான், கணக்கை மாற்றிக்கொண்டால் சேவைக் காலம் தொடரும். பென்ஷனுக்குப் பத்து ஆண்டு வேண்டும் என்பதால் இது முக்கியம். பழைய நிர்வாகம் வெளியேறிய தேதியைப் போர்ட்டலில் பதியாமல் விட்டால், கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

கவர்மென்ட் வேலை. ராஜினாமா பண்ணவா, வி.ஆர்.எஸ். கேட்கவா?

ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சேவைக் காலம் ஓய்வூதியக் கணக்கில் சேராமல் போய்விடும். இருபது ஆண்டு தகுதிச் சேவையோ 50 வயதோ முடிந்திருந்தால் மூன்று மாத முன்னறிவிப்போடு விருப்ப ஓய்வு கேட்கலாம். இரண்டும் இல்லாதவர் முதலில் ஈட்டிய விடுப்பு, மருத்துவச் சான்று விடுப்பு, அதுவும் தீர்ந்தால் ஊதியமில்லா விடுப்பு என்று போய்ப் பார்த்துவிட்டுக் கடைசியில் ராஜினாமாவை யோசிக்கலாம். நிர்வாகப் பிரிவு எழுத்தரிடம் உட்கார்ந்து விடுப்புக் கணக்கை ஒருமுறை எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தப் பணியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. கொரோனாவுக்காக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே எடுக்கப்பட்ட சுமார் 2,300 செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். ஒப்பந்தத்தில் இருப்பவர் ஒவ்வொரு நீட்டிப்பு ஆணையையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துவது நல்லது. பின்னால் முன்னுரிமை பற்றிப் பேச்சு வந்தால் அந்தக் காகிதங்கள்தான் பேசும்.

வெளிநாடு போனா இந்த அலுப்பெல்லாம் போயிருமா?

சம்பளம் கூடும். ஷிஃப்டும் நைட்டும் அங்கேயும் உண்டு, வீட்டார் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். ஆள் பற்றாக்குறையால் விலகுகிறவருக்கு அங்கே நிலைமை மேலாக இருக்கலாம். மனச்சோர்வோடு போகிறவருக்கு விமானம் ஏறுவது மருந்தாகாது. முதலில் சிகிச்சை, பிறகு பாஸ்போர்ட்.

வளைகுடா உள்ளிட்ட குடியகல்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியர்கள் அரசு முகமைகள் வழியாகத்தான் போக வேண்டும் என்று 2015-இல் விதி வந்தது. தமிழ்நாட்டில் அது அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். மாட்டுத்தாவணியில் போர்டு மாட்டிக்கொண்டு முன்பணம் கேட்கும் ஏஜெண்டிடம் போகும் முன் அங்கே விசாரியுங்கள். தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்புக் கடிதத்துக்கு அதுதான் அடிப்படை.

நான் போனா மிச்சம் இருக்கிற சிஸ்டருங்க மாட்டிக்குவாங்களே?

மாட்டிக்கொள்வார்கள்தான், பொய் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேண்டியது நிர்வாகம், நீங்கள் இல்லை. மேலே லீவ் ரிசர்வ் கணக்கில் பார்த்த அதே 13 பேர் விவகாரம்தான் இது.

நீங்கள் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். மாத நடுவில் போகாமல் அடுத்த லிஸ்ட் எழுதும் முன் தேதியைச் சொல்லுங்கள். சித்திரை மாதத்தையும் டெங்கு காய்ச்சல் ஏறும் மழைக்காலத்தையும் முடிந்தால் தவிருங்கள். விலகல் கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதாமல் "கடந்த மூன்று மாதத்தில் இத்தனை டபுள் டூட்டி, இத்தனை தொடர் நைட்" என்று எழுதுங்கள். அந்த எண்கள் கோப்பில் இருந்தால் அடுத்து ஆள் கேட்டு எழுதும் இன்சார்ஜுக்கு உதவும். ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று, கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றையும் கையில் வாங்கிய பிறகு அடையாள அட்டையை ஒப்படையுங்கள்.